பனி எப்போது உருக வேண்டும்? பனிப்போர்வையில் மனிதக் கை

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் தொகாச்சி என்றொரு சமவெளி இருக்கிறது. உருளைக்கிழங்குக்கும் கோதுமைக்கும் பேர்போன இடம். நடுக் குளிர்காலத்தில், வயல் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும்போது, அங்குள்ள விவசாயிகள் டிராக்டரை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். பட்டை பட்டையாகப் பனியை ஒதுக்கி, மண்ணைக் குளிரில் திறந்து போடுகிறார்கள். சில நாள் கழித்து, ஒதுக்கிக் குவித்த பனியையும் தள்ளி, அதன் அடியில் இருந்த மண்ணையும் திறந்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு யுகிவாரி என்று பெயர். மண் நன்றாக உறைய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

அறுவடையில் கைக்குத் தப்பிய சின்னக் கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். முன்பு குளிர்காலத்தில் மண் ஆழமாக உறைந்து, அவை தானாகச் செத்துவிடும். கடந்த சில பத்தாண்டுகளில் அங்கே குளிர்காலத் தொடக்கத்திலேயே கனத்த பனி விழ ஆரம்பித்தது. பனி மூடிய மண் உறையவில்லை. தப்பித்த கிழங்குகள் அடுத்த ஆண்டு வேறு பயிருக்கு நடுவே களையாக முளைத்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்குவதைவிட, ஜனவரியில் பனியை விலக்கி மண்ணைச் சுமார் 30 செ.மீ. ஆழத்துக்கு உறையவைப்பது எளிது என்று விவசாயிகள் கண்டுகொண்டார்கள். அதற்கு மேல் உறைந்தாலும் தொல்லைதான், வசந்த காலத்தில் தண்ணீர் மண்ணில் இறங்காது. அதனால் பனியின் தடிமனையும் காற்றின் வெப்பநிலையையும் வைத்து, எந்த நாளில் பனியை விலக்க வேண்டும், எத்தனை நாள் திறந்து விட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் முறையை வேளாண் ஆய்வாளர்கள் உருவாக்கிக் கொடுத்தார்கள்.

பனியை அகற்றினால்தான் மண் குளிர்கிறது என்பது முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். இது ஏன் என்று புரிந்துவிட்டால், மனிதர்கள் பனியை வைத்துச் செய்கிற மற்ற வேலைகளும் சுலபமாகப் புரியும்.

பனி செய்யும் மூன்று வேலைகள்

புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றுதான். அந்தக் காற்று படிகங்களுக்கு நடுவே அடைபட்டு அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும், அரை மீட்டர் பனிக்குக் கீழே மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க முடியும். குளிர்காலக் கோதுமைப் பயிர் உயிர் பிழைப்பது இதனால்தான். பனியை மிதித்தோ வண்டி ஏற்றியோ அமுக்கினால் காற்று வெளியேறிவிடும், காக்கும் திறனும் குறைந்துவிடும்.

இரண்டாவது, பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தை எதிரொளிக்கும். பழைய, அழுக்கேறிய பனியில் இது பாதியாகக் குறையலாம். இந்த எதிரொளிப்பு விகிதத்தை ஆல்பிடோ என்கிறார்கள். பனி எப்போது உருகும் என்பதைக் காற்றின் வெப்பத்தோடு சேர்ந்து முடிவு செய்வது இந்த எண்தான்.

மூன்றாவது, அது தண்ணீர்ச் சேமிப்பு. குளிர்காலத்தில் விழுந்ததை மலை பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எத்தனை தண்ணீர் என்பது பனியின் உயரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 10 செ.மீ. புதுப்பனியை உருக்கினால் ஒரு செ.மீ. தண்ணீர் கிடைக்கும், பல சமயம் அதுவும் கிடைக்காது. அதே 10 செ.மீ. வசந்தத்தில் இறுகிய பனியாக இருந்தால் மூன்று, நான்கு செ.மீ. தண்ணீர் வரும். எனவே நீர் மேலாளர்கள் பனியை ஆழத்தால் அளப்பதோடு நிறுத்துவதில்லை, குழாயை இறக்கி எடுத்து எடையும் போடுகிறார்கள்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். பனியை மனிதர்கள் கையாளும் அத்தனை விதங்களும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகின்றன: பனி எங்கே கிடக்க வேண்டும்? எந்தத் தேதியில் உருக வேண்டும்? சில இடங்களில் இதை யோசித்துச் செய்கிறோம். பல இடங்களில் செய்கிறோம் என்று தெரியாமலேயே செய்கிறோம்.

ஒரு சிட்டிகை மண்

லடாக்கின் சன்ஸ்கார் பகுதியில் குளிர்காலம் நீளமானது, பயிர்க் காலம் குறுகியது. ஒரு வாரம் முன்னால் விதைத்தால்கூடப் பெரிய லாபம். ஆகவே அங்குள்ள குடும்பங்கள் இலையுதிர் காலத்திலேயே உலர்ந்த மண்ணை வீட்டில் சேர்த்து வைத்து, வசந்தம் தொடங்கும்போது வயல் பனியின் மேல் தூவுவது வழக்கம். இருண்ட மண் வெயிலை உறிஞ்சுகிறது, பனி சீக்கிரம் கரைகிறது. ஹொக்கைடோ விவசாயிகளும் இதையே செய்கிறார்கள், மண்ணுக்குப் பதில் கரித்தூள். மார்ச் மாத வயலில் கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரியும்.

இங்கே தெரிந்து செய்யும் வேலையை, அமெரிக்காவின் மேற்கில் தெரியாமல் செய்துவிட்டார்கள். அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொலராடோ ஆற்றை நம்பிச் சுமார் 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். அந்த ஆற்றின் பெரும்பகுதித் தண்ணீர் ராக்கி மலைகளின் பனியிலிருந்து வருவது. மலைக்கு மேற்கேயும் தெற்கேயும் வறண்ட நிலம். அந்த வறண்ட மண்ணின் மேல் நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து மெல்லிய ஓடு போலப் படர்ந்திருக்கும், அதுதான் மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்பாதை வந்தது, குடியேறிகள் வந்தார்கள், லட்சக்கணக்கில் மாடுகளும் ஆடுகளும் வந்தன. குளம்படியில் அந்த ஓடு நொறுங்கியது. வசந்தக் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போய் மலைப்பனியின் மேல் கொட்டியது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? ராக்கி மலைத்தொடரைச் சேர்ந்த சான் ஹுவான் மலைகளின் உயரத்தில் உள்ள ஏரிகளின் அடிவண்டலைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். குடியேற்றத்துக்குப் பின் அங்கே படியும் தூசியின் அளவு அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரியைப் போல ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. 2008இல் வெளிவந்த முடிவு இது. அடுத்து, டாம் பெயின்டர் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் ஆற்றுக்கு என்ன ஆனது என்று கணக்குப் போட்டது. தூசி படிந்ததால் ஆற்றில் உச்ச வெள்ளம் சராசரியாக மூன்று வாரம் முன்னதாக வருகிறது. ஆண்டு நீர்வரத்தும் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்திருக்கிறது.

முன்னால் உருகுவது சரி, மொத்தத் தண்ணீர் ஏன் குறைய வேண்டும்? பனி சீக்கிரம் போய்விட்டால் மண்ணும் செடிகளும் சீக்கிரம் வெளியே வருகின்றன. அவை அதிக நாட்கள் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்குகின்றன. ஆற்றுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு வானத்துக்குப் போய்விடுகிறது.

தூசியைவிடக் கரி மோசமானது. டீசல் புகை, விறகடுப்பு, செங்கல் சூளை, காட்டுத்தீ, வயலில் வைக்கோல் எரிப்பது எல்லாவற்றிலிருந்தும் வரும் நுண்கரி காற்றில் மிதந்து போய் இமயமலையில் படிகிறது. ஒரு கிலோ பனியில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு கரி இருந்தாலே எதிரொளிப்பு அளக்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும். அப்புறம் அது தானாக வளரும் சங்கிலி ஆகிறது. பனி கொஞ்சம் உருகினால் அதன் மணிகள் பெரிதாகும், பெரிய மணிகள் குறைவாகவே ஒளியைத் திருப்பும். தண்ணீர் வடிந்தாலும் கரியில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். ஆக, நாளுக்கு நாள் பனி மேலும் கறுக்கும்.

மணாலிக்கு மேலே உள்ள ரோத்தாங் கணவாயில் இது வழக்காகவே வந்தது. கோடைச் சுற்றுலாவுக்கு வரும் ஆயிரக்கணக்கான வண்டிகளின் புகை பனியின் மேல் படிவதைக் கருத்தில் எடுத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2014இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு இத்தனை பெட்ரோல் வண்டி, இத்தனை டீசல் வண்டி என்று வரம்பு வைத்து அனுமதி கொடுக்கும் முறை அப்படித்தான் வந்தது. 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, கணவாய்க்கு அப்பால் உள்ள லாஹௌலுக்குப் போகும் வண்டிகள் கணவாயின் மேல் ஏறவே தேவையில்லாமல் போயிற்று.

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. மெல்லிய அழுக்குப் படலம் பனியை வேகமாக உருக்கும், ஆனால் அதே அழுக்கு சில செ.மீ. தடிமனாகிவிட்டால் வெயிலைப் பனிவரை விடாது, பாதுகாப்பாக மாறிவிடும். கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகள் மெதுவாகக் கரைவது இதனால்தான். மான்ட்ரியால் நகரம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தெருக்களிலிருந்து சுமார் 1.2 கோடி கன மீட்டர் பனியை அள்ளுகிறது. அதில் பெரும் பங்கு ஃபிராங்கோன் என்ற பழைய கல்குவாரியில் கொட்டப்படுகிறது. மேலே ஜல்லியும் மணலும் படிந்த அந்தக் குவியல் கோடையிலும் கிடக்கும்.

சாலையில் பனி

சாலைப் பனியைச் சமாளிக்கப் பலரும் பல வழி பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது எந்த இயந்திரமும் இல்லாமல் நடப்பது: பனி வேலி.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி ஊருக்கு மேற்கே இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி 1970 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த வழி குளிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே பனிப்புயலில் சாலை மூடியது. வானத்திலிருந்து விழுகிற பனியைவிட, தரையோடு காற்று அடித்துக்கொண்டு வரும் பனிதான் அங்கே எதிரி. ரொனால்ட் டாப்லர் என்ற பொறியாளர் 1971இலிருந்து அங்கே வேலிகள் நிறுத்தி ஆராய்ந்தார். வேலி பனியைத் தடுத்து நிறுத்துவதில்லை. பாதி இடைவெளியுள்ள பலகைகள் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன, வேகம் குறைந்த காற்று தூக்கி வந்த பனியை வேலிக்குப் பின்னால் கீழே போட்டுவிடுகிறது. முழுச் சுவராகக் கட்டினால் இவ்வளவு பிடிக்காது. குவியல் வேலி உயரத்தைப் போல ஏறக்குறைய 35 மடங்கு தூரம்வரை நீளும். அதனால் வேலியைச் சாலையிலிருந்து அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் வேலியே புதைந்துவிடும். இயந்திரம் வைத்து அள்ளுவதோடு ஒப்பிட்டால் செலவு மிகமிகக் குறைவு.

இதே உத்தியை விவசாயத்துக்கும் திருப்பலாம். கனடாவின் புல்வெளி மாநிலங்களில் கோதுமைத் தாளை அறுவடைக்குப் பிறகு உயரமாக விட்டுவைத்தால் அது பனியைப் பிடித்து நிறுத்தும், உருகும்போது அந்த நிலத்துக்கே ஈரம். ரஷ்யாவிலும் கசகஸ்தானிலும் பனியையே கலப்பையால் வரப்புகளாக உழுது வைத்தார்கள், அடுத்து அடிக்கும் காற்றில் அந்த வரப்புகள் இன்னும் பனியைப் பிடிக்கும்.

ஜப்பானின் நாகஒக்கா நகரத்தின் வழி வேறு. நிலத்தடி நீர் ஆண்டு முழுக்கச் சுமார் 13 டிகிரியில் இருக்கும். அந்த நீர் கசிந்த இடத்தில் பனி நிற்கவில்லை என்பதைக் கவனித்த உள்ளூர் அரிசி நொறுக்குத்தீனி வியாபாரி இமாய் யொசாபுரோ, சாலை நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சலாம் என்றார். 1961இல் அங்கே முதல் குழாய்கள் பதிக்கப்பட்டன. பிறகு நீகாட்டா மாகாணம் முழுக்கப் பரவின. சாலை சுத்தமாக இருந்தது, தண்ணீரில் இருந்த இரும்பு தெருக்களைத் துருச் சிவப்பாக்கியது. பனி கொட்டும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் சரிந்தது, சில ஊர்களில் நிலமே தாழ்ந்தது. இப்போது பனி விழும்போது மட்டும் இயங்கும் உணரிகள் வைத்திருக்கிறார்கள். தண்ணீரை வெளியே விடாமல் சாலைக்கு அடியிலேயே சுற்றவிட்டு வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு.

டொரண்டோவிலோ மான்ட்ரியாலிலோ வாழும் தமிழர்களுக்கு இந்த விஷயம் உப்பாகத்தான் அறிமுகம். உப்பு தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது, அதனால் பனி தரையோடு ஒட்டாமல் நெகிழ்கிறது. சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போதே மந்தமாகிவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு போன்றவை வேண்டும், அல்லது வழுக்காமல் இருக்க மணல் போட வேண்டும். உப்பு உயிர்களைக் காக்கிறது, இதில் சந்தேகம் இல்லை. ஆனால் குளோரைடு எங்கேயும் மறைந்து போகாது, சிதையாது. ஓடைக்கும் கிணற்றுக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும். உப்பு நீர் கனமானது என்பதால் ஏரியின் அடியில் தங்கி, மேல்நீரோடு கலக்காமல், அடியில் ஆக்சிஜன் குறையவும் காரணமாகிறது. கனடா அரசு 2001இலேயே சாலை உப்பைச் சுற்றுச்சூழலுக்கு நஞ்சானது என்று மதிப்பிட்டு, 2004இல் அதைப் பயன்படுத்தும் நெறிமுறையை வெளியிட்டது. அதிகமாகப் போட்டால் சீக்கிரம் உருகும் என்று வீட்டு வாசலில் மூட்டையைக் கொட்டுவது வீண். முதலில் தள்ள முடிந்த பனியைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு ஒரு கைப்பிடி தூவினால் போதும்.

பனியைச் செய்வது, சேர்த்து வைப்பது

1949–50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் பனி சரியாக விழவில்லை. பனிச்சறுக்குக் கட்டை தயாரித்து விற்ற வெய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவருக்கும் வியாபாரம் படுத்துவிட்டது. பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரையும் தோட்டத்து ஹோஸ் பைப்பையும் இணைத்து, 1950இல் பனி செய்து பார்த்தார்கள். 1954இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பனி பீரங்கிகள் அதன் வாரிசுகள்.

தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறடித்து, தரையைத் தொடுவதற்குள் உறைய வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதற்குச் சாதாரண வெப்பமானி காட்டும் எண் போதாது. துளியிலிருந்து கொஞ்சம் ஆவியாகும்போது துளி குளிர்கிறது, காற்று உலர்ந்திருந்தால் இன்னும் நன்றாகக் குளிரும். இதைக் கணக்கில் எடுக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் அங்கே முக்கியம். அது மைனஸ் 2.5 அளவுக்கு இறங்கினால் பனி செய்யத் தொடங்கலாம். ஈரமான காற்றில் மைனஸ் 1 டிகிரியில் முடியாதது, உலர்ந்த காற்றில் பூஜ்யத்திலேயே முடியும். சுத்தமான நீர்த்துளி பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் இருக்கக்கூடியது. அதைத் தூண்ட சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியாவின் புரதத்தைச் சில இடங்களில் கலக்கிறார்கள். இலைகளில் உறைபனிச் சேதம் உண்டாக்கும் அதே பாக்டீரியா.

வானத்துப் பனி ஆறு கைகள் விரித்த படிகம். பீரங்கிப் பனி உறைந்த குட்டி உருண்டை. ஒரு கன மீட்டர் புதுப்பனி 100 கிலோவுக்கும் குறைவாக இருக்கும்போது, இது 400 முதல் 500 கிலோ. அதனால் மெதுவாக உருகும், பந்தயத்துக்கு ஏற்றது. ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. போடக் குறைந்தது 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் யான்சிங், ஜாங்ஜியாகோ சரிவுகளில் ஏறக்குறைய முழுப் பனியும் இப்படிச் செய்ததுதான், அங்கே குளிர்காலத்தில் மழையும் பனியும் மிகக் குறைவு. ஆல்ப்ஸில் மலை உச்சியிலேயே குளம் வெட்டித் தண்ணீர் தேக்குகிறார்கள். இந்தப் பனி வாரக்கணக்கில் தாமதமாக உருகுவதால், சரிவில் உள்ள புல்லும் பூவும் தாமதமாக விழிக்கின்றன. ஓடைநீரில் உள்ள தாதுக்களும் சரிவு மண்ணில் இறங்குகின்றன.

பனியைப் புதிதாகச் செய்வதைவிட, இருக்கும் பனியை அடுத்த குளிர்காலம்வரை காப்பது சில இடங்களில் லாபம். ஸ்விட்சர்லாந்தின் தாவோஸில் குளிர்கால முடிவில் குவித்த பனியின் மேல் 40 செ.மீ. மரத்தூளைப் பரப்புகிறார்கள். கோடை முழுக்க வெயிலில் கிடந்தும் முக்கால் பங்கு பனி மிஞ்சுகிறது. அக்டோபர் கடைசியில் அதை எடுத்துப் பரப்பிப் பனிச்சறுக்குத் தடம் திறந்துவிடுகிறார்கள். மரத்தூள் வெயிலைத் தடுக்கிறது, ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்கிக் குளிர்விக்கவும் செய்கிறது. 2014 சோச்சி ஒலிம்பிக்குக்கும் முந்தைய குளிர்காலத்துப் பனியைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

மரத்தூளின் இந்தக் குணம் சென்னைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. மெரினாவை ஒட்டிய ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம், 1842இல் பிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் ஐஸைச் சேமிக்கக் கட்டியது. மாசசூசெட்ஸ் குளங்களில் வெட்டிய ஐஸ் மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்தது. 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பின்னும் பாதிக்குமேல் உருகாமல் போய்ச் சேர்ந்தது. அந்தக் குளங்களில் ஐஸ் வெட்டுகிறவர்கள் குளிர்காலம் முழுக்கச் செய்த வேலை, குதிரை பூட்டிய பலகையால் பனியைச் சுரண்டுவது. மேலே பனி கிடந்தால் குளத்து ஐஸ் தடிமனாக வளராது. தொகாச்சி விவசாயி இன்று மண்ணுக்குச் செய்வதை, அவர்கள் குளத்துக்குச் செய்தார்கள்.

மேகத்திலிருந்தே கூடுதல் பனியை வரவழைக்கும் முயற்சியும் உண்டு. 1946 நவம்பரில் அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் ஷேஃபர் விமானத்திலிருந்து உலர் ஐஸை, அதாவது உறைந்த கரியமில வாயுவைத் தூவி மேகத்தில் பனியை உண்டாக்கிக் காட்டினார். 2017இல் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் நடந்த சோதனையில், சில்வர் அயோடைடு தூவிய பாதையில் பனி உருவாகி விழுவதை ரேடாரில் தெளிவாகப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஏற்ற மேகம் இருந்தால்தான் இது பலிக்கும். வறட்சிக்கு மருந்து என்று இதை நம்புவது சரியில்லை.

காடு, சரிவு

மரங்களடர்ந்த காட்டில் விழும் பனியில் ஒரு பங்கு கிளைகளிலேயே தங்கி, தரைக்கு வராமல் ஆவியாகிப் போகிறது. கொலராடோவின் ஃபிரேசர் ஆய்வுக் காட்டில் ஃபூல் க்ரீக் என்ற ஓடையின் நீர்ப்பிடிப்பில் 1950களில் ஐந்தில் இரண்டு பங்கு மரங்களைப் பட்டை பட்டையாக வெட்டிப் பார்த்தார்கள். ஓடையில் தண்ணீர் கணிசமாகக் கூடியது, அந்தக் கூடுதல் பல பத்தாண்டுகள் நீடித்தது. தண்ணீர் வேண்டுமானால் காட்டில் இடைவெளி விடு என்பது ஒரு பாடம். ஆனால் ஸ்விட்சர்லாந்தின் ஆன்டர்மாட் கிராமம், ஊருக்கு மேலே உள்ள காட்டில் ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று 1397இலேயே எழுதி வைத்தது. அந்த மரங்கள்தான் சரிவில் பனியைப் பிடித்து வைத்து ஊரைக் காத்தன. தண்ணீருக்கு ஒரு காடு, பாதுகாப்புக்கு ஒரு காடு. எந்தச் சரிவுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

1950–51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸில் பனிச்சரிவுகள் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. அதன் பிறகு மரம் இல்லாத சரிவுகளில் இரும்புத் தடுப்புகள் வரிசையாக எழுந்தன. இன்னொரு முறை, பனி பெரிதாகக் குவிவதற்கு முன்பே வெடி வைத்துச் சின்னச் சின்னச் சரிவாக இறக்கிவிடுவது. கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் இதற்காக ராணுவம் பீரங்கியே வைத்திருக்கிறது. இந்தியாவில் 1969இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் எல்லைப் பகுதிகளுக்கு எச்சரிக்கை தந்துவந்தது. 2020இல் அது வேறொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தோடு இணைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 வீரர்கள் பனிக்குள் புதைந்து இறந்தார்கள், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்த அறிவியல் நமக்குத் தூரமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லடாக்கின் ஏப்ரல்

லடாக்கில் தண்ணீர்ச் சிக்கல் அளவைவிடத் தேதியில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கத் தண்ணீர் வேண்டும். உயரத்தில் உள்ள பனியாறுகள் ஜூனில்தான் நன்றாக உருகத் தொடங்கும். குளிர்காலத்திலோ ஓடைநீர் யாருக்கும் பயன்படாமல் ஓடிப்போகிறது. செவாங் நோர்ஃபெல் என்ற அரசுப் பொறியாளர் 1980களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டார். குளிர்கால ஓடையைக் கிராமத்துக்கு மேலே நிழலான இடத்துக்குத் திருப்பி, கல் தடுப்புகளால் வேகத்தைக் குறைத்து, அடுக்கடுக்காக உறையவிட்டார். தாழ்வான இடத்தில் இருப்பதால் அது பனியாற்றுக்கு முன்பே உருகி, விதைப்புக்குச் சரியாக வந்தது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நிழலான இடம் எல்லா ஊருக்கும் கிடைக்காது. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் 2013–14 குளிர்காலத்தில் கூம்பு வடிவத்தை முயன்றார். மேலிருந்து குழாயில் வரும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே உயரமாகப் பீறிட்டு, இரவுக் குளிரில் விழும்போது உறைந்து கூம்பாக வளர்கிறது. மோட்டார் வேண்டாம். ஒரே அளவு ஐஸைத் தட்டையாகப் பரப்பினால் வெயில் படும் பரப்பு அதிகம், உயரமான கூம்பில் குறைவு, அதனால் வெயிலிலேயே நின்றும் மே மாதம்வரை தாங்கியது. இதில் சிரமங்களும் இருக்கின்றன. குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும், இரவில் ஆள் போய்ப் பார்க்க வேண்டும், மேலூரும் கீழூரும் தண்ணீரில் உடன்பட வேண்டும். இருந்தாலும் பனியைக் கையாளும் முறைகளில், யாருடைய தண்ணீரையும் வீணாக்காமல் தேதியை மட்டும் மாற்றும் வேலை இது என்பதால் நான் இதை உயர்வாக மதிக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கை

மேலே சொன்ன வேலிகளும் பீரங்கிகளும் கூம்புகளும் சில ஹெக்டேர், சில கிலோமீட்டர் அளவில் நடப்பவை. உலகம் முழுக்கப் பனிப்போர்வையை மாற்றுவது நாம் எரிக்கும் எரிபொருள்தான். 1960களின் பிற்பகுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் வட அரைக்கோளப் பனியைப் படம் பிடித்துவருகின்றன. வசந்த காலப் பனிப்பரப்பு சுருங்கிவருவது அதில் தெளிவாகத் தெரிகிறது, ஜூன் மாதத்தில் சுருக்கம் மிக வேகம். நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 20 இருக்கும் இடத்தில் இரண்டு டிகிரி கூடினாலும் பனி பனியாகவே விழும். பூஜ்யத்தை ஒட்டிய மலைச்சரிவுகளில் அதே இரண்டு டிகிரியால் பனி மழையாகிவிடும். எனவே பாதிப்பு முதலில் தாழ்வான, மிதமான குளிருள்ள மலைகளில் தெரிகிறது. தரை வெளியே வந்தால் வெயிலை உறிஞ்சி அந்த இடத்தை மேலும் சூடாக்குகிறது.

இதைப் போர்வையால் மூடிச் சமாளிக்க முடியாது. ஸ்விட்சர்லாந்தின் ரோன் பனியாற்றில், சுற்றுலாவுக்கான ஐஸ் குகையைக் காக்கக் கோடையில் வெள்ளைத் துணி விரிக்கிறார்கள். துணிக்குக் கீழே உருகல் பாதியாகக் குறைகிறது. ஒரு குகைக்கு அது சரிப்படும். நாட்டின் எல்லாப் பனியாறுகளையும் மூட ஆண்டுக்கு நூறு கோடி பிராங்குக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் பனியின் நிறம் நம் கைக்குள் இருக்கிறது. கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும், கரித்துகள் ஒன்றிரண்டு வாரத்தில் கீழே விழுந்துவிடும். புகையை இன்று குறைத்தால் அடுத்த குளிர்காலத்துப் பனியே வெளுப்பாக இருக்கும். அமெரிக்காவில் 1934இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம், பொது நிலங்களில் எத்தனை மாடு மேயலாம் என்று கட்டுப்படுத்தியது. அதன் பிறகு வந்த பத்தாண்டுகளில் மலை ஏரிகளில் தூசிப்படிவு குறைந்திருப்பதை அதே வண்டல் காட்டுகிறது, முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதிகளால் புதிய டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டிகள் வந்தன. 2015 நிலநடுக்கத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் பல இடிந்தன. திரும்பக் கட்டும்போது செங்கற்களை வளைந்து வளைந்து காற்று போகும்படி அடுக்கும் ஜிக்ஜாக் முறைக்குப் பலர் மாறினார்கள். காற்று நீண்ட வழி சுற்றிப் போவதால் நிலக்கரி முழுதாக எரிகிறது, புகைபோக்கியில் கறுப்புப் புகை குறைகிறது. எரிபொருள் செலவும் குறைவதால், சூளைக்காரர்களுக்கும் இதில் ஆதாயம்தான்.